ஆளைப் பார்ப்பதா, துப்பாக்கியை எண்ணுவதா: நான் தப்பாக எழுதிய ஒரு வரி

2019 மார்ச் கடைசியில் இங்கே ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் நடந்த துப்பாக்கிச்சூடு முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கடைசியில் இறந்தவர்கள் எண்ணிக்கை 51. கோபத்தில் எழுதிய குறிப்பு அது. "அந்த நாட்டில் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பதிவேடு இருந்திருந்தால் இது நடந்திருக்காது" என்று அதில் ஒரு வரி வரும்.

அந்த வரி தப்பு. கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன் என்று சமாளிக்க முடியாத அளவுக்குத் தப்பு. 2020 டிசம்பரில் வெளிவந்த ராயல் கமிஷன் அறிக்கையை அப்போது மேலோட்டமாகப் புரட்டிவிட்டு வைத்துவிட்டேன். சமீபத்தில்தான் துப்பாக்கி லைசென்ஸ் பற்றிய பகுதியை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு என் பழைய வரியை அப்படியே விட்டுவைக்க மனசு வரவில்லை. ஏனென்றால் அந்த வரியை நான் மட்டும் எழுதவில்லை. எங்கே ஒரு துப்பாக்கிச்சூடு நடந்தாலும் மறுநாள் அதே வரி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடுகிறது.

துப்பாக்கிச் சட்டம் என்றதும் நாம் எல்லோரும் அமெரிக்காவுக்குப் போய்விடுகிறோம். அங்கே போனால் ஐந்து நிமிஷத்தில் பேச்சு அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தில் போய் முட்டிக்கொள்ளும். உரிமை இருக்கா இல்லையா என்பதிலேயே பொழுது போய்விடும். எந்த ஏற்பாடு வேலை செய்கிறது என்ற கேள்வி வரவே வராது. நியூசிலாந்தில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு உரிமை கிடையாது. அதனால் அந்த நாட்டை வைத்துப் பேசினால் விஷயம் கொஞ்சம் தெளிவாகத் தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். லைசென்ஸ், பதிவு, பயிற்சி மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டித்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆதரிப்பவர்கள் மூன்றும் வேண்டும் என்கிறார்கள், எதிர்ப்பவர்கள் மூன்றுமே தொல்லை என்கிறார்கள். ஆனால் இவை மூன்று வெவ்வேறு கேள்விகள். லைசென்ஸ் கேட்பது: இந்த ஆள் யார், இவரிடம் துப்பாக்கி இருக்கலாமா? பதிவு கேட்பது: இந்தத் துப்பாக்கி இப்போது யாரிடம் இருக்கிறது? பயிற்சி கேட்பது: இவருக்கு இதைப் பத்திரமாகக் கையாளத் தெரியுமா? ஒன்றுக்கான பதிலை வைத்து இன்னொன்றைத் தீர்க்க முடியாது. "கார் ஓட்ட லைசென்ஸ் வேணும், துப்பாக்கிக்கு வேண்டாமா?" என்ற பிரபலமான வாதம் குழப்பத்தைக் கூட்டத்தான் செய்கிறது. டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும்போது உங்கள் குணத்தை யாரும் விசாரிப்பதில்லை. எட்டுப் போட்டுக் காட்டினால் போதும். அது முழுக்க முழுக்கத் திறமைச் சோதனை. துப்பாக்கி லைசென்ஸில் திறமை இரண்டாம்பட்சம். உயிரெடுக்க நினைப்பவன் நன்றாகக் குறி பார்க்கக் கற்றுக்கொண்டு வந்தால் அது யாருக்கும் நல்லதில்லை.

இனி நியூசிலாந்துக் கதை. 1920-ல் அங்கே வந்த ஆயுதச் சட்டம் துப்பாக்கிகளைப் பதிவு செய்யச் சொன்னது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் ஏகப்பட்ட ஆயுதம், ரஷ்யப் புரட்சி முடிந்து மூன்று வருஷம், அரசாங்கத்துக்குப் பயம். பிறகு ஷாட்கன்களைப் பதிவிலிருந்து விட்டுவிட்டார்கள், ரைஃபிள்கள் தொடர்ந்தன. எல்லாம் கையெழுத்துக் காகிதம், உள்ளூர் போலீஸ் நிலையம். ஆள் வீடு மாறுவார், சொல்ல மாட்டார். அப்பா இறந்துபோவார், மகன் எடுத்துக்கொள்வார். பண்ணையை விற்கும்போது கூடவே துப்பாக்கியும் கைமாறும். ஐம்பது அறுபது வருஷத்தில் பதிவேட்டில் இருப்பதற்கும் ஊரில் இருப்பதற்கும் சம்பந்தமில்லாமல் போய்விட்டது. போலீஸே சரிபார்த்துவிட்டு, இதைச் சீராக்க ஆகும் செலவுக்கு இது பிரயோஜனப்படாது என்று சொன்னது.

அதனால் 1983-ல் புதுச் சட்டம். சாதாரண ரைஃபிள், ஷாட்கன் எதையும் இனி எண்ண வேண்டாம். வைத்திருக்கும் ஆளைச் சரியாக விசாரித்து லைசென்ஸ் கொடு, போதும். கைத்துப்பாக்கி மாதிரியான சில வகைகளுக்கு மட்டும் பதிவு தொடர்ந்தது. இப்போது பின்னால் திரும்பிப் பார்த்து இதை முட்டாள்தனம் என்று சொல்வது சுலபம். நானும் 2019-ல் அப்படித்தான் சொன்னேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், பாதி தப்பான ஒரு பட்டியலைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட, அந்த நேரத்தை மனிதர்களை விசாரிப்பதில் செலவிடலாம் என்பது மோசமான யோசனை இல்லை. ஒரு நிபந்தனை உண்டு. விசாரணையை உண்மையிலேயே செய்ய வேண்டும்.

அந்த நிபந்தனை ஆரம்பத்திலேயே ஆட்டம் கண்டது. 1983 லைசென்ஸ் ஆயுளுக்கும் செல்லும். இருபத்திரண்டு வயதில் ஒருவரை நல்லவர் என்று முடிவு செய்துவிட்டு, அவருக்கு நாற்பது வயதில் குடும்பம் உடைந்து குடியில் விழுந்தாலும் மறுபடி கேட்க மாட்டோம் என்று அர்த்தம். 1990 நவம்பரில் அரமோவானா என்ற கடலோரக் கிராமத்தில் ஒருவன் 13 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகு, 1992-ல் லைசென்ஸ் காலம் பத்து வருஷம் ஆனது, புகைப்படம் ஒட்ட வேண்டும் என்றார்கள், ராணுவ பாணி செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளைத் தனி வகையாக்கி அதற்கு மட்டும் பதிவு வைத்தார்கள். பழைய ஆயுள் லைசென்ஸ்காரர்களை மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னபோது நிறையப் பேர் வரவே இல்லை. அவர்கள் கையில் இருந்தது என்ன, எத்தனை? அதுதான் பதிவேடே இல்லையே, யாருக்குத் தெரியும். 1997-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சர் தாமஸ் தார்ப் அரசாங்கம் கேட்டுக்கொண்டபடி ஒரு பெரிய ஆய்வறிக்கை கொடுத்தார். எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவு செய்யுங்கள் என்றார். நடக்கவில்லை.

இங்கே என் குடும்பக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பெரியம்மா பையன் ஹாமில்டனில் இருக்கிறார். மென்பொருள் வேலை; வாரக் கடைசியில் நண்பர்களோடு மான் வேட்டை. (நியூசிலாந்தில் மான் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட விலங்கு, காட்டை அழிப்பதால் சுடுவதை ஊக்குவிக்கிறார்கள். இதை எவ்வளவு விளக்கினாலும் பெரியம்மாவுக்குப் புரியாது என்பதால் அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.) அண்ணன் லைசென்ஸ் எடுத்தது 2017-ல். அந்தச் சமயத்தில் அண்ணி போனில் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"போலீஸ் சார்பா ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தார் தம்பி. உங்க அண்ணனை அந்தப் பக்கம் போகச் சொல்லிட்டு என்கிட்ட தனியா உட்கார்ந்து பேசினார். கோவம் வந்தா இவர் என்ன பண்ணுவார், குடிப்பாரா, வீட்ல சண்டை வந்தா எப்படின்னு எல்லாம் கேட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"நீங்க என்ன அண்ணி சொன்னீங்க?"

"கோவம் வந்தா கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கிடுவார்னேன். அதையும் எழுதிக்கிட்டார்."

அன்றைக்கு இதைச் சொல்லிச் சிரித்தோம். இப்போது நினைத்தால், முழு ஏற்பாட்டிலும் உயிரான இடம் அதுதான். குற்றப் பதிவு இருக்கா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. கூட வாழும் ஒருவரைத் தனியாக உட்காரவைத்து, இந்த ஆளை நினைத்து உங்களுக்குப் பயமாக இருக்கா என்று கேட்பது வேறு ரகம். வீட்டுக்குள் நடப்பது எந்தக் கோப்பிலும் இருக்காது.

அதே 2017. அதே நாடு. அதே சாதாரண வகை லைசென்ஸ். டுனெடின் நகரிலிருந்து ஒரு ஆஸ்திரேலிய இளைஞன் செப்டம்பரில் விண்ணப்பித்தான், நவம்பரில் கைக்கு வந்துவிட்டது. (அவன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அன்றைய பிரதமர் ஜெசிண்டா ஆர்டெர்ன் நாடாளுமன்றத்தில் சொன்னார். எனக்கும் அது சரியென்று படுகிறது.) விதிப்படி நெருங்கிய உறவினர் ஒருவரையும், உறவில்லாத ஒருவரையும் விசாரிக்க வேண்டும். அவன் முதலில் தன் சகோதரியின் பெயரைக் கொடுத்தான். அவர் நியூசிலாந்தில் இல்லை என்பதால் வேறு பெயர் கேட்கப்பட்டது. அவன் கொடுத்தது இணைய விளையாட்டு மூலம் பழக்கமான ஒரு நண்பனின் பெயர். இன்னொரு பரிந்துரையாளர் யார் தெரியுமா? அந்த நண்பனின் பெற்றோரில் ஒருவர்! நேரில் எத்தனை நாள் பழகியிருக்கிறார்கள், அவனைப் பற்றி இவர்களுக்கு உண்மையில் என்ன தெரியும் என்று யாரும் தோண்டவில்லை. அண்ணியின் இடத்தில் அவனுக்கு ஆளே இல்லை. அந்த வெற்றிடத்தை ஒரு பெயரைப் போட்டு நிரப்பிவிட்டார்கள். லைசென்ஸ் கொடுத்த விதத்தில் போலீஸ் உரிய தரத்தைக் கடைப்பிடிக்கவில்லை என்று ராயல் கமிஷன் தெளிவாகவே எழுதியிருக்கிறது.

சகோதரியை போனில் கூப்பிட்டுப் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எனக்குத் தெரியாது, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சட்டத்தில் கேள்வி இருந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

சரி, பதிவேடு இருந்திருந்தால்? அவன் லைசென்ஸ் வைத்து, கடையில் சட்டப்படி வாங்கியவை அந்தத் துப்பாக்கிகள். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அவ்வளவுதான். ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை சாதாரண வகை லைசென்ஸிலேயே வாங்கலாம். அதே ரைஃபிளில் ஏழு தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் பெரிய மேகசினை மாட்டினால் அது ராணுவ பாணி வகைக்குப் போய்விடும், அதற்குத் தனி அனுமதியும் பதிவும் வேண்டும். ஆனால் அந்த மேகசினை மட்டும் தனியாக வாங்க எந்த அனுமதியும் தேவையில்லை! கடையிலிருந்து வெளியே வரும்வரை சாதாரணத் துப்பாக்கி. வீட்டில் ஒரு கிளிக், வேறு வகை. எவ்வளவு பெரிய பதிவேடு வைத்தாலும் இந்தக் கிளிக் சத்தம் அதற்குக் கேட்காது. இதைத் தடுக்கச் சட்டத்தின் வரையறையை மாற்ற வேண்டும். 2019 ஏப்ரலில் 119-க்கு 1 என்ற ஓட்டில் நாடாளுமன்றம் செய்தது அதைத்தான்.

ஆக, என் பழைய வரி போயிற்று. அப்படியானால் பதிவேடு எதற்கு?

தடை செய்த துப்பாக்கிகளை அரசாங்கம் காசு கொடுத்துத் திரும்ப வாங்கத் தொடங்கியபோது இதற்கு முதல் பதில் கிடைத்தது. 2019 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 56,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்தன. சுமார் 10 கோடி நியூசிலாந்து டாலர் கொடுத்தார்கள். வெற்றியா தோல்வியா? நாட்டில் மொத்தம் எத்தனை இருந்தன என்பதற்கான மதிப்பீடுகள் 55,000-ல் தொடங்கி 2,40,000 வரை போயின. கீழ் எண் சரியென்றால் கிட்டத்தட்ட எல்லாமே வந்துவிட்டது. மேல் எண் சரியென்றால் நாலில் மூன்று பங்கு இன்னும் எங்கேயோ இருக்கிறது. அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளரும் இதையேதான் சொன்னார்: எத்தனை இருந்தது என்று தெரியாதபோது எவ்வளவு பலன் என்று எப்படிச் சொல்வது? 1983-ல் எண்ணுவதை நிறுத்தியதற்கான விலை முப்பத்தாறு வருஷம் கழித்து வந்து சேர்ந்தது.

இரண்டாவது பதில் இன்னும் முக்கியம். "குற்றவாளி போய்ப் பதிவு செய்வானா?" என்று கேட்பார்கள். செய்ய மாட்டான். ஆனால் குற்றவாளிக்குத் துப்பாக்கி எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு திருட்டு, ஒரு பங்கு கடத்தல். இன்னொரு பங்கு, சுத்தமான லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் கடைகளில் வாங்கி வாங்கிக் கும்பல்களுக்குக் கைமாற்றுவது. ஆளை மட்டும் பார்க்கும் ஏற்பாட்டில் இவரைப் பிடிக்க வழியே இல்லை. ஒருவர் ஒரு வருஷத்தில் முப்பது துப்பாக்கி வாங்கினாலும் அது யாருடைய கணக்கிலும் ஏறாது. பதிவேடு இருந்தால், உங்கள் பெயரில் முப்பது இருக்கிறதே, காட்டுங்கள் என்று ஒரு நாள் வந்து கேட்கலாம். பதிவேட்டால் மிரட்ட முடிவது லைசென்ஸ் வைத்திருப்பவரைத்தான். அதுதான் அதன் வேலையும்.

நம் ஊரில் இந்த இரண்டும் பிரியவே இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இந்திய ஆயுத லைசென்ஸில் ஆளின் பெயரோடு துப்பாக்கியின் விவரமும் எண்ணும் சேர்ந்தே இருக்கும். அம்மா வழித் தாத்தாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. தேர்தல் அறிவித்தால் போதும், ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிடுவார். தாத்தா முணுமுணுத்துக்கொண்டே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். தேர்தலுக்குத் தேர்தல் யாராவது வந்து பார்த்ததால் அந்த நோட்டில் இருந்தது உண்மையாக இருந்தது. நியூசிலாந்தின் பழைய பதிவேட்டுக்குக் கிடைக்காதது அந்த வந்துபோகும் ஆள்தான். (நம் லைசென்ஸ் முறை நியாயமானது என்று நான் சொல்லவில்லை. யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பது தனிக் கட்டுரை.)

பதிவேட்டின் மேல் அதிகமாக நம்பிக்கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவைப் பார்க்க வேண்டும். 1989 டிசம்பர் 6 அன்று மான்ட்ரியால் பொறியியல் கல்லூரி ஒன்றில் 14 பெண்கள் கொல்லப்பட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1995-ல் வந்த சட்டம் எல்லா ரைஃபிள், ஷாட்கன்களையும் பதிவு செய்யச் சொன்னது. 119 மில்லியன் டாலர் செலவாகும், 117 மில்லியன் கட்டணமாக வந்துவிடும், அரசுக்கு நிகரச் செலவு வெறும் 2 மில்லியன் என்றார்கள். 2002-ல் தலைமைத் தணிக்கையாளர் ஷீலா ஃப்ரேசர் கணக்கைத் திறந்து பார்த்தால் ஒரு பில்லியனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. செலவைவிடவும், அதை நாடாளுமன்றத்துக்குச் சொல்லாமல் மறைத்ததுதான் பெரிய தப்பு என்று அவர் எழுதினார்.

பணத்தைவிடப் பெரிய சேதம் நம்பிக்கையில் விழுந்தது. குற்றத்தைக் குறைக்கும் என்று விற்கப்பட்ட திட்டம், கிராமத்து விவசாயிக்கு எப்படித் தெரிந்திருக்கும்? தன் கொட்டகையில் இருக்கும் தாத்தா காலத்து ஷாட்கனுக்குப் படிவம் நிரப்பச் சொல்லும் ஒட்டாவா அதிகாரியாகத்தான். நகரத்து போலீஸ் தலைவர்கள் பதிவேடு வேண்டும் என்றார்கள். 2010-ல் அதை ஒழிக்கும் மசோதா இரண்டே ஓட்டில் தோற்றது. 2012-ல் ஒழித்தேவிட்டார்கள். தகவலையும் அழித்தார்கள். எங்கள் மாகாணத் தகவலையாவது கொடுங்கள் என்று கியூபெக் உச்ச நீதிமன்றம் வரை போய், 2015-ல் 5-க்கு 4 என்று தோற்று, பிறகு 2018-ல் தனியாக ஒரு பதிவேடு தொடங்கியது. ஒருமுறை கட்டி, இடித்து, மறுபடி கட்டுவது!

ஆனால் கவனியுங்கள், பதிவேட்டை ஒழித்தபோதும் கனடா லைசென்ஸையும் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பையும் தொடவில்லை. எதிர்த்தவர்களிலேயே பலருக்கு அதில் பெரிய சண்டை இல்லை. மூன்றும் வேறு வேறு என்பதை அந்நாட்டு வேட்டைக்காரர்கள் நம்மைவிடத் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. லைசென்ஸும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேரைக் கொன்றவனிடம் லைசென்ஸே கிடையாது. துப்பாக்கிகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து கடத்தியவை, ஒன்று இறந்துபோன நண்பரின் உடைமையிலிருந்து வந்தது. அவனிடம் ஆயுதம் இருப்பதாகப் பல வருஷம் முன்பே போலீஸுக்குத் தகவல் போயிருந்தது. மறுபடியும் அதே இடம்தான்: ஒருவர் சொன்னதை இன்னொருவர் எழுந்துபோய் விசாரிக்கவில்லை.

பதிவேட்டை எதிர்ப்பவர்களின் பெரிய பயம், இன்று பட்டியல், நாளை பறிமுதல் என்பது. இதைக் கேலி செய்வது வழக்கம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் நேர்மையாகப் பார்த்தால் 2019-ல் நடந்தது என்ன? நேற்றுவரை சட்டப்படி வாங்கியதை அரசாங்கம் இன்று தடை செய்தது. யார் வீட்டில் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தது ஏற்கெனவே பதிவான ராணுவ பாணி வகைக்காரர்கள் வீடுதான். பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. அந்தத் தடை சரி என்றே நினைக்கிறேன். அதற்காக, உங்கள் பயம் வெறும் கற்பனை என்று அவர்களிடம் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, அதே 2019 டிசம்பரில், துப்பாக்கியைத் திரும்பக் கொடுக்கப் பெயர் பதிந்தவர்களின் விவரங்களை வேறொரு கடைக்காரர் பார்க்க முடிகிற அளவுக்கு இணையதளத்தில் கோளாறு. துப்பாக்கி இருக்கும் வீடுகளின் முகவரிப் பட்டியலைவிடத் திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

இந்தப் பயமே முழுசாக ஜெயித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்கா இருக்கிறது. 1986 சட்டம் ஒன்று மத்திய அரசு துப்பாக்கிப் பதிவேடு வைக்கக் கூடாது என்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் ஒரு மையம், மூடப்பட்ட கடைகளின் விற்பனைக் கணக்குகள் அங்கே வந்து குவிகின்றன. ஸ்கேன் செய்து வைக்கிறார்கள், ஆனால் பெயர் போட்டுத் தேடும்படி வைக்கக் கூடாது. கொலை நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று பார்க்க, தயாரித்தவரைக் கேட்டு, கடையைக் கண்டுபிடித்து, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

அதே அமெரிக்காவில்தான் லைசென்ஸ் பற்றிய பயனுள்ள ஒரு ஒப்பீடும் கிடைக்கிறது. மிசௌரியில் கைத்துப்பாக்கி வாங்க ஷெரீஃப் அலுவலகத்துக்கு நேரில் போய் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2007-ல் அதை ரத்து செய்தார்கள். கனெக்டிகட் 1995-ல் அதுபோன்ற அனுமதியைக் கொண்டுவந்தது. முதல் இடத்தில் துப்பாக்கிக் கொலைகள் கூடின, இரண்டாவதில் குறைந்தன என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எவ்வளவு கூடியது, குறைந்தது, வேறு காரணம் எத்தனை என்பதில் சண்டை இருக்கிறது. கடைக் கவுன்டரில் செய்யும் கம்ப்யூட்டர் சோதனைக்கும், ஒரு அதிகாரி முன்னால் போய் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கும் என்பதை மட்டும் என்னால் சுலபமாக நம்ப முடிகிறது.

பயிற்சி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது நல்ல விஷயம், யாரும் எதிர்ப்பதில்லை, அதனாலேயே அதை மாற்று மருந்தாக நீட்டுகிறார்கள்: "சட்டம் வேண்டாம், கல்வி கொடுங்கள்." நியூசிலாந்தின் ஆயுத விதி நூலில் ஏழு அடிப்படை விதிகள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே நினை என்பது முதல் விதி. இலக்கு எது என்று சந்தேகமே இல்லாமல் உறுதி செய் என்பது நாலாவது. மான் என்று நினைத்துக் கூட வந்த நண்பனையே சுட்டவர்கள் அங்கே உண்டு, அவர்களில் பல வருஷ அனுபவசாலிகளும் உண்டு. அண்ணன் இந்த விதியை மட்டும் தொலைபேசியிலேயே ஒப்பிப்பார். இப்படிப்பட்ட விபத்துக்குப் பயிற்சிதான் மருந்து. ஆனால் கிரைஸ்ட்சர்ச் ஆளும் லைசென்ஸுக்காக இதே பாதுகாப்பு வகுப்பை முடித்தவன்தான்.

நியூசிலாந்து இப்போது நாற்பது வருஷம் கழித்துப் பதிவேட்டுக்குத் திரும்பியிருக்கிறது. 2023 ஜூனில் தொடங்கியது, 2028 ஆகஸ்டுக்குள் எல்லாத் துப்பாக்கியும் ஏறியிருக்க வேண்டும். 2023 தேர்தலுக்குப் பிறகு இந்தத் துறை, முன்பு துப்பாக்கி வைத்திருப்போர் சங்கத்தின் குரலாக இருந்த நிக்கோல் மெக்கீ கையில் வந்தது. பதிவேடு தேவையா என்று மறு ஆய்வும் நடந்தது. இரண்டு தரப்பும் பட்டியலைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பேசும் அந்தப் பெரியவரைப் பற்றி, அவருக்கு என்ன பயிற்சி, ஒரு விண்ணப்பத்துக்கு எவ்வளவு நேரம், பரிந்துரையாளர் சரியில்லை என்று தோன்றினால் முடியாது என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்கா என்பதைப் பற்றி நான் படித்த விவாதங்களில் பத்தில் ஒரு பங்கு பேச்சுகூட இல்லை. எனக்குப் பதிவேடு வேண்டும். ஆனால் அதற்கும் விசாரணைக்கும் ஒரே பையிலிருந்துதான் பணம் என்றால், முதல் ரூபாயை அந்தப் பெரியவருக்குத்தான் கொடுப்பேன்.

அண்ணன் போன வருஷம் இரண்டாவதாக ஒரு ரைஃபிள் வாங்கினார். வாங்கினால் எல்லாவற்றையும் பதிவு செய்தாக வேண்டும். பழையதில் சீரியல் எண் தேய்ந்துபோய், டார்ச் அடித்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு சாயங்காலமே போய்விட்டது என்று புலம்பினார். லைசென்ஸ் 2027-ல் முடிகிறது. அண்ணியிடம் மறுபடியும் கேட்பார்களா என்று கேட்டேன்.

"வரணும் தம்பி. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கேன்னு என்னைக் கேக்காம விட்டுட்டா?"

2019 குறிப்பை நீக்கவில்லை. அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் இந்தக் கட்டுரையின் தேதியைப் போட்டிருக்கிறேன்.